எலும்பு மாத்திரை

கோலசிலாங்கூர் பஸ் நிலையத்துக்கு எதிர்வரிசையில் அத்தா சாப்பாட்டுக்கடை நடத்திவந்தார். கீழே கடை, அதன் பின்னால் குசினி, மாடியில் நாங்கள். அம்மா காலைத் தொழுகையை முடித்துக்கொண்டு குசினிக்குள் நுழைந்தால் பொழுது சாய்ந்துதான் மேலே வருவாள். மீன், காய்கறி, அரிசி எல்லாம் பின்வாசலுக்கே வந்துவிடும் என்பதால் தெருவுக்கு இறங்கவேண்டிய தேவை அவளுக்கு இருந்ததில்லை. பின்வாசலில் இருந்த சந்தில் நண்பகலில் கொஞ்ச நேரம் வெயில் விழும். கடையில் கூட்டம் அலைமோதுவதும் அந்த நேரத்தில்தான். மீன் குழம்பும் கோழிப் பிரட்டலும் அம்மாவின் கையால் போய்க்கொண்டிருக்கும்.

நான் பள்ளியில் ஐந்தாம் படிவம் முடித்துவிட்டு அத்தாவுக்குத் துணையாகக் கடையில் இருந்தேன். எண்பதுகள் தொடங்கியிருந்தன. அம்மாவுக்கு முதலில் இடுப்புவலி என்றுதான் ஆரம்பித்தது. பிறகு தொடை, முழங்கால். உட்கார்ந்தால் தரையில் கை ஊன்றாமல் எழ முடியவில்லை. நடக்கும்போது இரண்டு பக்கமும் அசைந்து அசைந்து நடந்தாள். மாடிப்படி ஏறச் சுவரைப் பிடித்துக்கொண்டு ஒவ்வொரு படியிலும் நின்றாள். அத்தா கீழே நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருப்பார். அவள் மேலே போய்ச் சேர்ந்த பிறகுதான் கடைக்குத் திரும்புவார்.

தைலம், ஒத்தடம், ஓதி ஊதிய தண்ணீர் எல்லாம் பார்த்தாகிவிட்டது. கடைசியில் அத்தா அவளைக் கிள்ளானில் ஒரு டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். எக்ஸ்ரே எடுத்துப் பார்த்த டாக்டர், எலும்பு மிருதுவாகிவிட்டது, வைட்டமின் டி போதவில்லை, அது வெயிலிலிருந்து உடம்புக்குக் கிடைக்க வேண்டியது என்றார். அத்தா சிரித்தேவிட்டாராம்.

"வெயிலுக்கா பஞ்சம் டாக்டர், இந்த ஊர்ல?"

"ஊர்ல இருக்கு. உங்க வீட்டம்மா மேல படணும்ல?" என்று டாக்டர் கேட்டிருக்கிறார்.

அந்தப் பதில் அத்தாவைக் குத்திவிட்டது. வீட்டுக்கு வந்து என்னிடம் அதைச் சொன்னபோது அவர் முகம் சரியாக இல்லை. தன் கடைதான் அவளை இருட்டில் வைத்து எலும்பைக் கரைத்துவிட்டது என்று அவர் எடுத்துக்கொண்டார். டாக்டர் ஒரு சின்ன டப்பாவில் மாத்திரை கொடுத்திருந்தார். தினம் ஒன்று. பால், முட்டை, காலை வெயில். அன்று முதல் அந்த மாத்திரையைக் கொடுப்பது அத்தாவின் வேலையானது. ஒரு கையில் மாத்திரை, இன்னொரு கையில் பால் டம்ளர். பரோட்டாக் கல்லை அப்படியே விட்டுவிட்டுக் குசினிக்குள் வந்து நிற்பார்.

"இந்தா புள்ள, போட்டுக்க."

"வைங்க, கையெல்லாம் மசாலா."

"வாயத் தொற, நான் போடுறேன்."

அம்மாவுக்கு வெட்கமாக இருக்கும். மீன் கழுவித் தருவதற்காகத் தோட்டத்திலிருந்து பஸ்ஸில் வரும் அக்கா ஒருத்தி சந்தில் உட்கார்ந்திருப்பாள். தோட்டத்து லயத்தில் வரிசைவீட்டில் வளர்ந்த மனுஷி, எதையும் மனத்தில் வைத்துக்கொள்ள மாட்டாள். "எங்க வீட்டுக்காரரு எனக்குத் தண்ணிகூட மோந்து குடுத்ததில்ல லா" என்று சத்தமாகச் சொல்லிச் சிரிப்பாள்.

அந்த மாத்திரையில் வலி மெதுவாகத்தான் குறைந்தது. அத்தாவுக்குப் பொறுமையில்லை. ஊரில் இருந்த அவருடைய தங்கை, எங்கள் மாமி, தனக்கும் இதே வியாதி வந்து இப்போது ஓடியாடி வேலை செய்வதாகச் சொல்லியனுப்பியிருந்தார். ராமநாதபுரத்திலிருந்து திரும்பிய உறவுக்காரர் ஒருவர் மூலம், தான் சாப்பிட்ட மருந்தில் ஒரு பெரிய போத்தலையும் கொடுத்துவிட்டிருந்தார். உறவுக்காரர் அதை மேசைமேல் வைத்துவிட்டு டீ குடித்தார்.

"அதே வைட்டமின்தான் அண்ணே. ஆனா ஊர் மருந்து சுள்ளுனு கேக்கும்" என்றார்.

போத்தலின் மேல் பெரிதாக D என்று இருந்தது. கிள்ளான் டாக்டர் கொடுத்த டப்பாவிலும் அதே D. அத்தா இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்துத் திருப்தியானார். பெயர் ஒன்று என்றால் மருந்தும் ஒன்று. தினம் ஒன்று கொடுக்கச் சொன்னது ஏற்கனவே அவருக்குத் தெரியும். அதில் கேட்பதற்கு என்ன இருக்கிறது?

உறவுக்காரர் சொன்னது போலவே அது சுள்ளென்று கேட்டது. சில வாரங்களில் அம்மா சுவரைப் பிடிக்காமல் மாடிப்படி ஏறினாள். ஒரு நாள் மேல் படியில் நின்று திரும்பிப் பார்த்து, "பாத்தீங்களா?" என்று கேட்டாள். அத்தா கடைக்கு வந்தவர்களிடமெல்லாம் அதைச் சொன்னார். சபாக் பஸ்ஸுக்குக் காத்திருந்தவர்கள், லோரி ஓட்டுநர்கள், முன்பின் தெரியாதவர்கள் எல்லோருக்கும் என் அம்மாவின் முழங்கால் சரியான கதை தெரிந்தது. அத்தாவை அவ்வளவு சந்தோஷமாக நான் பார்த்ததில்லை.

அதன் பிறகு தாகம் வந்தது. அம்மா குடித்துக்கொண்டே இருந்தாள். செம்பு செம்பாகத் தண்ணீர் குடித்தும் தொண்டை காய்கிறது என்றாள். குடித்ததெல்லாம் சிறுநீராகப் போனது. அடுப்பில் எண்ணெய் காயும்போது பாதியில் விட்டுவிட்டு ஓடுவாள். சாப்பாடு வேண்டாம் என்றாள். வயிறு கட்டிக்கொண்டது. மசாலா வாசனை பட்டாலே குமட்டியது. முப்பது வருடம் சமைத்த கை, உப்பு போட்டதை மறந்து மறுபடி போட்டது. வாடிக்கையாளர் ஒருவர் குழம்பை அப்படியே வைத்துவிட்டுப் போனார்.

தாகமும் சிறுநீரும் என்றவுடன் எல்லோரும் சர்க்கரை என்றார்கள். கோலசிலாங்கூரிலேயே ஒரு கிளினிக்கில் பரிசோதித்தார்கள். சர்க்கரை இல்லை. வயிற்றுப் புண்ணாக இருக்கும் என்று அதற்கு மருந்து கொடுத்தார்கள்.

"வேற ஏதும் மருந்து சாப்பிடுறாங்களா?" என்று அங்கே கேட்டார்கள்.

"இல்லைங்க. வைட்டமின் மட்டுந்தான்" என்றார் அத்தா.

அது நல்லதுதான் என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். வைட்டமினை மருந்துக் கணக்கில் யாருமே சேர்க்கவில்லை. சத்து என்றால் சத்து. கூடினால் என்ன கெட்டுவிடும்?

அம்மா மெலிந்தாள். கை கால் ஓய்ந்துபோய்ப் படுத்தே கிடந்தாள். எலும்புக்குள் குடைகிறது என்று மறுபடி சொல்ல ஆரம்பித்தாள். அந்த ஒரு வார்த்தை போதுமானதாக இருந்தது. பழைய வியாதி திரும்பி வந்துவிட்டது என்று அத்தா முடிவு செய்தார். அன்றிலிருந்து இரண்டு மாத்திரை. காலையில் ஒன்று, மாலையில் ஒன்று. பாலும் இரண்டு வேளையானது. சீனர் மருந்துக்கடையில் மீன் எண்ணெய் வாங்கிவந்து கரண்டியில் ஊற்றிக் கொடுத்தார். நண்பகலில், கடையில் ஆள் நிற்க இடமில்லாத நேரத்தில், சந்தில் நாற்காலி போட்டு அம்மாவை வெயிலில் உட்காரவைத்தார். அவள் கண்ணை மூடிக்கொண்டு தலை சாய்ந்து கிடப்பாள். வியர்வை வழியும். அத்தா துண்டால் துடைத்துவிட்டு மறுபடி பால் கொடுப்பார். வாந்தியெடுத்தால் கழுவிவிட்டு மாத்திரையை மறுபடி கொடுப்பார். உள்ளே தங்கியிருக்காதே என்ற கவலை அவருக்கு.

"கண்ணு பட்டுருச்சு முதலாளி" என்றாள் மீன் கழுவும் அக்கா. "முழங்கால் சரியாச்சு சரியாச்சுனு ஊரெல்லாம் சொன்னீங்கள்ல?"

அத்தா அதற்கும் ஏதோ செய்தார். யார் எதைச் சொன்னாலும் செய்தார். அவர் செய்யச் செய்ய அம்மா எங்களைவிட்டு விலகிப் போய்க்கொண்டிருந்தாள். அன்றைக்கு எங்களுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

ஒரு நாள் மதியம் நான் கஞ்சி எடுத்துக்கொண்டு மேலே போனேன். அம்மா கட்டிலில் உட்கார்ந்து என்னையே பார்த்தாள்.

"அக்கா, அத்தா பள்ளிலேர்ந்து வந்துட்டாங்களா?" என்று கேட்டாள்.

"அம்மா, நாந்தாம்மா."

"கதவச் சாத்து. ஆடு உள்ள வந்துரும்."

அவள் ஊரில், தன் சிறுவயது வீட்டில் இருந்தாள். நான் அவளுடைய அக்கா. நான் கஞ்சியைக் கீழே வைத்துவிட்டு, "அத்தா!" என்று படியிலிருந்து கத்தினேன். கடையில் சாப்பிட்டுக்கொண்டிருந்தவர்கள் எல்லோரும் எழுந்துவிட்டார்கள்.

அம்மாவை நாற்காலியோடு தூக்கித்தான் இறக்கினோம். அத்தா ஒரு பக்கம், சாப்பிட வந்திருந்த லோரிக்காரர் மறுபக்கம். மீன் கழுவும் அக்கா முன்னால் இறங்கி அம்மாவின் கால்களைப் பிடித்துக்கொண்டாள். டாக்சியில் கிள்ளான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஜெராம் என்ற மீனவர் ஊரைத் தாண்டும்போது மீன் காயும் வாடை உள்ளே வந்தது. அம்மா என் மடியிலேயே வாந்தியெடுத்தாள். வெறும் தண்ணீர்தான். அத்தா முன்சீட்டிலிருந்து திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே வந்தார்.

ரத்தம் எடுத்தார்கள். கையில் ஊசி குத்தி மருந்துத்தண்ணீர் ஏற்றினார்கள். மறுநாள் ஓர் இளம் சீன டாக்டர் வந்து, வீட்டில் அம்மா சாப்பிட்ட எல்லாவற்றையும் கொண்டுவரச் சொன்னார். அத்தா பஸ் ஏறிப் போய், தைலத்திலிருந்து மீன் எண்ணெய்வரை ஒரு பைநிறைய எடுத்துவந்தார். டாக்டர் ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்து ஓரமாக வைத்தார். ஊர்ப் போத்தலை எடுத்தவர் அதைக் கீழே வைக்கவில்லை. வெளிச்சத்தில் திருப்பிப் படித்தார்.

"ஹாரி-ஹாரி?" என்று அத்தாவிடம் மலாயில் கேட்டார். தினமுமா என்று அர்த்தம்.

அத்தா நிமிர்ந்து நின்றார். "ஹாரி-ஹாரி, டாக்டர்" என்றார். "ஒரு நாள்கூட விட்டதில்லை. இப்ப ரெண்டு வேளையும் கொடுக்கறேன்." அதைச் சொன்னபோது அவர் குரலில் ஒரு நல்ல பையனின் பெருமை இருந்தது. மற்ற விஷயங்களில் தவறியிருக்கலாம், மருந்து விஷயத்தில் தன்னை யாரும் குறை சொல்ல முடியாது என்று அவர் நினைத்தார்.

டாக்டர் என் பக்கம் திரும்பி ஆங்கிலத்தில் பேசினார். இந்த மாத்திரை வாரத்துக்கு ஒன்று சாப்பிட வேண்டியது, அதுவும் கொஞ்ச காலத்துக்குத்தான், பிறகு நிறுத்திவிட வேண்டும் என்றார். முதல் டாக்டர் கொடுத்தது ஒரு கரண்டி என்றால் இது ஒரு வாளி. இந்தச் சத்து அளவுக்கு மீறினால் சாப்பாட்டிலிருந்தும் எலும்பிலிருந்தும் கால்சியத்தை, அதாவது சுண்ணாம்புச் சத்தை, ரத்தத்துக்கு இழுத்துக்கொண்டு வந்துவிடும். ரத்தத்தில் சுண்ணாம்பு ஏறினால் தாகம், வாந்தி, மலச்சிக்கல், சோர்வு, புத்தித் தடுமாற்றம். அது சிறுநீரகத்தில் போய்ப் படியும். அம்மாவின் சிறுநீரகம் ஏற்கனவே கெட்டிருக்கிறது.

"என்னம்மா சொல்றாரு?" என்றார் அத்தா.

நான் நேராகவே சொன்னேன்.

"அந்த மாத்திரைதான் அத்தா."

"எந்த மாத்திரை?"

"மாமி கொடுத்துவிட்டது. அது வாரத்துக்கு ஒண்ணாம். கூடிப்போச்சாம்."

"வைட்டமின்தானே அது?"

"ஆமா அத்தா."

"வைட்டமின் எப்படிம்மா…" என்றவர் நிறுத்திக்கொண்டார். கொஞ்ச நேரம் டாக்டரின் கையிலிருந்த போத்தலையே பார்த்தார். பிறகு டாக்டரிடம் மலாயில் வேகமாகப் பேச ஆரம்பித்தார். விஷம் குடித்தவர்களுக்குக் குடலைக் கழுவுகிறார்களே, அப்படிக் கழுவுங்கள். ரத்தத்தை மாற்றுங்கள், என் ரத்தத்தை எடுங்கள். ஊசி போட்டு முறியுங்கள்.

டாக்டர் அவர் முடிக்கும்வரை கேட்டுக்கொண்டிருந்தார். அந்த மருந்து குடலில் இல்லை, உடம்பின் கொழுப்புக்குள் போய் உட்கார்ந்துகொண்டது, தானாகக் கொஞ்சம் கொஞ்சமாக இறங்கினால்தான் உண்டு என்றார். தண்ணீர் ஏற்றலாம். சுண்ணாம்பைக் குறைக்க ஒரு மாத்திரை கொடுக்கலாம்.

"லெபாஸ் இத்து?" அதற்கப்புறம் என்ன என்று அத்தா கேட்டார்.

"துங்கு, பாச்சிக்." காத்திருங்கள் பெரியவரே என்றார் டாக்டர். அதைச் சொல்ல அவருக்கும் கஷ்டமாகத்தான் இருந்தது.

பால் கூடாது, முட்டை கூடாது, தயிர் கூடாது, முள்ளோடு சாப்பிடும் மீன் கூடாது என்று நர்ஸ் வந்து சொன்னார். வெயிலும் கூடாது. அத்தாவுக்குத் தெரிந்த அன்பெல்லாம் அதில் போய்விட்டது. ஊருக்கே சோறு போட்ட மனிதர், மனைவிக்கு என்ன கொண்டுவருவது என்று தெரியாமல் வெறுங்கையோடு வந்து கட்டில் பக்கத்தில் நிற்பார். கட்டில் ஜன்னலோரம் இருந்தது. திரைச்சீலை முழுதாக மூடாது. காலை வெயில் அந்த இடைவெளி வழியாக அம்மாவின் கையில் வந்து விழும். அத்தா ஜன்னலுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு, தன் நிழல் அவள்மேல் விழும்படி நிற்பார். வெயில் நகர நகர அவரும் நகர்வார். வேறு கட்டில்காரர்கள் பார்த்தார்கள். உட்காருங்கள் என்று நர்ஸ் சொன்னார். அவர் உட்காரவில்லை.

அம்மாவுக்குப் புத்தி மெதுவாகத் தெளிந்தது. முதலில் என்னைத் தெரிந்தது. பிறகு இடம் தெரிந்தது. ஒரு மத்தியானம் அத்தாவைப் பார்த்து, "எனக்கு என்னங்க?" என்று கேட்டாள்.

"ரத்தத்துல சுண்ணாம்பு ஏறிருச்சும்மா" என்றேன் நான்.

"எதுனால?"

நான் அத்தாவைப் பார்த்தேன்.

"நாந்தான் புள்ள" என்றார் அவர். "ஊர் மாத்திரை. வாரத்துக்கு ஒண்ணு கொடுக்க வேண்டியத நான் தெனமும் கொடுத்துட்டேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டிருந்தாள். "காலு வலிச்சுச்சு, மருந்து கொடுத்தீங்க" என்றாள். பிறகு சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அது மன்னிப்பா, அலுப்பா, வேறு ஏதாவதா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. அத்தாவும் கேட்டதில்லை.

வீட்டுக்கு அனுப்பினார்கள். எல்லாம் முடிந்துவிட்டது என்று நினைத்தோம். அடுத்தமுறை ரத்தம் எடுத்தபோது சுண்ணாம்பு மறுபடி ஏறியிருந்தது. மறுபடி கட்டில், மறுபடி தண்ணீர். அத்தா டாக்டரிடம் சத்தம் போட்டார். "நாங்க ஒண்ணுமே கொடுக்கலையே! பச்சத்தண்ணியும் சோறும் ரசமுந்தான் கொடுத்தோம். எங்கேர்ந்து வருது?" முன்பு கொடுத்ததுதான் இன்னும் உள்ளேயிருந்து வருகிறது என்றார் டாக்டர். அத்தா வராந்தா பெஞ்சில் போய் உட்கார்ந்து முகத்தைத் துண்டால் மூடிக்கொண்டார். அவர் தோளில் கை வைக்கலாமா என்று யோசித்துக்கொண்டே நான் நின்றுகொண்டிருந்தேன். கடைசிவரை வைக்கவில்லை.

ஒரு வருடத்துக்கு மேல் ஆயிற்று, அந்த மருந்து அவள் உடம்பைவிட்டுப் போக. போனது சிறுநீரகத்தையும் பாதி எடுத்துக்கொண்டுதான் போனது. அம்மா மறுபடி குசினிக்கு வந்தாள், ஆனால் ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டு வெங்காயம் உரிக்க மட்டும். சமையலுக்கு வேறு ஆள் வைத்தோம். மாதாமாதம் நானும் அவளும் கிள்ளானுக்கு பஸ்ஸில் போய்வந்தோம். எனக்குக் கல்யாணமாகி சுங்கை பெசாருக்குப் போன பிறகும் அந்த ஒரு நாளுக்கு நான் வந்துவிடுவேன்.

அப்படிப் போன ஒரு முறைதான், சிறுநீரகம் கெட்டதால் அம்மாவின் எலும்பு மறுபடி பலவீனமாகிறது என்றார் டாக்டர். கெட்ட சிறுநீரகத்தால் வைட்டமின் டி-யை உடம்புக்கு உதவுகிற மாதிரி மாற்ற முடியாதாம். அதனால் அதையே வேறு வடிவில், மிகச் சிறிய அளவில் கொடுக்க வேண்டும் என்றார். நான் மறுபடி கேட்டேன். அதேதான் என்றார். ரத்தம் பார்த்துப் பார்த்துத்தான் கொடுப்போம், பயப்படாதீர்கள் என்றும் சொன்னார்.

வீட்டுக்கு வந்து அத்தாவிடம் சொன்னேன். அவர் அந்தக் குப்பியைக் கையில் வாங்கினார். ஒரு மாத்திரையை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். மிளகைவிடச் சிறியது.

"நீ கொடும்மா" என்று என்னிடம் நீட்டினார்.

நான் வாங்கிக்கொண்டேன். வாங்கிக்கொண்டு நின்றேன். அம்மா கட்டிலில் தண்ணீர் டம்ளரோடு உட்கார்ந்திருந்தாள். கொடுக்காவிட்டால் எலும்பு போகும். கொடுத்தால் என்ன ஆகும் என்று சொல்ல எங்கள் இருவருக்கும் தைரியம் இல்லை.

"ரெண்டு பேரும் இப்படியே நின்னா எப்படி?" என்றாள் அம்மா. என் கையிலிருந்து அதை எடுத்து வாயில் போட்டுத் தண்ணீர் குடித்தாள். அத்தா படியிறங்கிக் கடைக்குப் போய்விட்டார். அதன் பிறகு அவளேதான் எடுத்துக்கொண்டாள். வலி கொஞ்சம் குறைந்தது.

சிறுநீரகம் மட்டும் தேய்ந்துகொண்டே வந்தது. ரத்தத்தைச் சுத்தம் செய்யும் இயந்திரத்துக்குக் கோலாலம்பூரில் பெயர் கொடுத்திருந்தோம். நிறையப் பேர் காத்திருந்தார்கள். எங்கள் முறை வருவதற்குள், ஒரு நோன்பு மாதத்தில், அம்மா போய்விட்டாள்.

அடக்கம் முடிந்து வந்த சில நாட்களுக்குக் கடை சாத்தியிருந்தது. ஆனாலும் ஆட்கள் வந்துகொண்டிருந்தார்கள். தோட்டத்திலிருந்து, தஞ்சோங் காராங்கிலிருந்து, பழைய வாடிக்கையாளர்கள். அத்தா எல்லோருக்கும் மேசை துடைத்து இடம் கொடுத்தார். என்ன நோய் என்று கேட்டவர்களிடம், சிறுநீரகம் என்று நான் சொல்லிக்கொண்டிருந்தேன். அத்தா என்னைத் திருத்தினார்.

"மருந்து கூடிப்போச்சு" என்றார். "நாந்தான் கொடுத்தேன்."

அல்லாவின் நாட்டம் என்றார் ஒருவர். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். அடுத்து யாரோ வந்தார்கள். அத்தா எழுந்துபோய் அவர்களுக்கும் அதையே சொன்னார்.